இரண்டு வரை எண்ணினேன்

ஏற்காட்டு பஸ்ஸில் வந்தது தீப்பெட்டி.
"ஏதோ பூச்சியாம் மேடம், தொறந்துடாதீங்க" என்ற கண்டக்டர்
அவரே ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுக் கொடுத்தார்.

உள்ளே பஞ்சின்மேல் மல்லாந்து கிடந்தது ஈ,
என் சுண்டுவிரல் நகத்தைவிடப் பெரிதாக.
மூடியில் பால்பாயின்ட் எழுத்து:
குதிரையைக் கடிக்கிறது. என்ன ஈ என்று சொல்லவும்.
இப்படிக்கு சின்னக்கண்ணு, மட்டக்குதிரை, ஏரிக்கரை.

சொல்லவும் என்றால் சொல்லிவிட முடியுமா.
சேலத்து மத்தியானம். ஃபேன் ஓடினால் இறக்கை பறக்கும்.
நிறுத்திவிட்டு, வியர்த்துக்கொண்டு, லென்சுக்கு அடியில் வைத்தேன்.

வீட்டு ஈ நக்கும். இது அறுக்கும்;
வாயில் இருப்பது கத்திக்கட்டு.
இறக்கை கண்ணாடி, புள்ளியும் புகையும் இல்லை.
புள்ளி இருந்தால் அது இவளுடைய சித்தி மகள்,
இறக்கையை ஓட்டுக்கூரைபோல் மடித்து
சத்தமே இல்லாமல் வந்து உட்காருகிறவள்.
இவள் சொல்லிவிட்டு வருவாள், புல்லட் வண்டி மாதிரி.
கொம்பின் மூன்றாம் கணுவில் ஒரு முள்.
வயிற்றின்மேல் நாமம் சாத்தியதுபோல்
மூன்று வெளிர்கோடு.
இரண்டு கண்ணுக்கும் நடுவே வகிடு,
ஆகவே பெண்.
ஆணுக்குக் கண்கள் உச்சியில் முட்டிக்கொள்ளும்.
அவன் பூத்தேன் குடித்துப் பிழைக்கிறவன்,
பிறந்ததிலிருந்து ஒருவரையும் கடித்ததில்லை.
முட்டைக்கு ரத்தம் தேடுகிறவள் இவள்தான்.

இதுவரை சரி.
அட்டவணையில் அடுத்த வரி:
கண்ணில் பட்டைகள் எத்தனை?

பழைய காலணாக் காசுபோல் இருந்தது கண்.
எந்தப் பக்கம் திருப்பினாலும் அதே பழுப்பு.
அந்த நிறம் சாயமில்லை, வெளிச்சம் போடும் கோலம்;
காய்ந்தால் அழியும் என்கிறது அடிக்குறிப்பு.
உயிருடன் காண்க.

ஞாயிற்றுக்கிழமை இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினேன்.
பதினொன்றாவதில்
பக்கத்து சீட்டுப் பையன் என் பைமேல் வாந்தி எடுத்தான்.

ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி வாசம்.
சின்னக்கண்ணு ஆறடி இருந்தார்.
ராக்கெட் என்ற கறுப்புக் குதிரையின் தோல்
காற்றில்லாத குளம்போல் இருந்து இருந்து சிலிர்த்தது.
வயிற்றோரம் ரத்தம் ஒழுகிய கோடு,
அதன்மேல் வேப்பெண்ணெய், அதன்மேல் சாதா ஈக்கள்.
"அந்தச் சேத்துப் பக்கமிருந்துதான் வருது,
வெள்ளைக் குதிரைய அவ்வளவா தொடறதில்லை."
தெரிந்துதான்
கருநீலச் சுடிதார் போட்டு வந்திருந்தேன்.

கையைச் சுருட்டிவிட்டு நாணலோரம் நின்றேன்.
கால் மணி. அரை மணி.
சவாரி கேட்டு வந்த குடும்பம்
"அந்த அக்காவுக்கு என்னாச்சு" என்று விசாரித்தது.

சத்தம் முதலில். பிறகு முழங்கை மடிப்பில் ஒரு கனம்.
குனிந்தேன்.

பச்சை.
மழை விட்டதும் காப்பி இலைமேல் வெயில் விழுமே,
அந்த ஒரு நிமிஷத்துப் பச்சை.
குறுக்கே ஊதா. ஒன்று.
அதன் கீழே இன்னொன்று, கொஞ்சம் வளைந்து.
இரண்டு.
அதற்குக் கீழே

என் அலறலில் ராக்கெட் மிரண்டது.
பறந்து அதன் வயிற்றில் உட்கார்ந்ததைச்
சின்னக்கண்ணு செருப்பால் ஒரே போடு.
உள்ளங்கையில் வைத்து மரியாதையாக நீட்டினார்.
எண்ணுவதற்கு அதில் கண் மிச்சமில்லை.

இனத்தின் பேரை மட்டும் சொன்னேன், தபானஸ் என்று.
"பேர் தெரிஞ்சிருச்சில்ல, இனிமே கடிக்காதா?"
கறுப்புப் பந்தில் பசை தடவித்
தொங்கவிடச் சொல்லி இறங்கினேன்.
பதிவேட்டில் எழுதினேன்:
பட்டைகள் இரண்டு, அதற்கு மேலும்.

வியாழக்கிழமை அடுத்த தீப்பெட்டி.
இம்முறை கண்டக்டர் கையை நீட்டி
உடம்புக்கு எட்டாத தூரத்தில் பிடித்திருந்தார்.
ஊசியால் குத்திய ஏழெட்டு ஓட்டை.
உள்ளே கோபமாக ஒரு என்ஜின்.
மூடியில்: பந்து தொங்குகிறது.
என்ன விளையாட்டு, டிக்கெட் எவ்வளவு என்று கேட்கிறார்கள்.
இது உசிரோடு. மிச்சத்தை எண்ணவும்.

ஜன்னலோரம் போய்
ஒரு ஓட்டையைப் பெரிதாக்கி
என் கண்ணை வைத்தேன்.